பல்ப் என்றால் விளக்கு இல்லை

> பல்ப் மோடுக்கு "விளக்குநிலை" போதாதா?

போதாது ஐயா. கேமரா பட்டனைப் பிடித்திருக்கும் வரை ஷட்டர், அதாவது ஒளியை உள்ளே விடும் கதவு, திறந்தே இருக்கும் நிலைதான் பல்ப் மோடு. அதற்குத்தான் தமிழ்ப்பெயர் தேடுகிறோம். அந்த பல்ப் விளக்கே இல்லை. அந்தக் காலத்து கேமராவில் ஒரு காற்றுக்குழாய், அதன் முனையில் ரப்பர் உருண்டை. உருண்டையை அமுக்கினால் காற்று போய் ஷட்டரைத் திறக்கும், கையை எடுத்தால் மூடிக்கொள்ளும். பழைய பஸ்ஸில் டிரைவர் 'பாம் பாம்' என்று அமுக்குவாரே, கிட்டத்தட்ட அதே உருண்டைதான். அது போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. பெயர் மட்டும் டிஜிட்டல் கேமரா வரைக்கும் வந்துவிட்டது. அதனால் "குமிழ்நிலை"யும் வேண்டாம். இல்லாத உருண்டைக்கு எதற்குத் தமிழ்ப்பெயர்?

செய்கிற வேலையை வைத்துப் பெயரிடலாம். நாகூர் கந்தூரி வாணவேடிக்கையை எடுக்கப் போனபோது கேமராவை ஸ்டாண்டில் பூட்டி, ஐஎஸ்ஓ (ஒளியுணரும் திறன்) 100, எஃப் (லென்ஸ் துளையின் அளவு) 11 வைத்து, ஃபோகஸைத் தூரத்துக்குத் திருப்பி கையாலேயே நிறுத்திக்கொண்டேன். வாணம் சீறிக் கிளம்பும்போது அமுக்க வேண்டும். மேலே பூத்து, பொறி உதிர்ந்து அணையும் வரை பிடித்திருந்து விட வேண்டும். ஒன்றுக்கு இரண்டு வினாடி ஆகும், இன்னொன்றுக்கு நாலு. ரிமோட் இருந்தும் பையிலேயே கிடக்க, முதலில் கேமரா பட்டனையே அமுக்கிக்கொண்டிருந்தேன். கை பட்டு கேமரா ஆடியதில், அந்தப் படங்களில் ஒவ்வொரு பொறிக்கோடும் மண்புழு மாதிரி நெளிந்திருக்கிறது!

ஆக, பிடித்திருக்கும் வரை திறந்திருப்பது. "பிடிதிறப்பு" என்கிறேன். வினைத்தொகை, நடுவில் 'த்' போட வேண்டாம். போட்டால் ஏதோ கைப்பிடியைத் திறப்பது போலாகிவிடும்.

பல்ப் மோடுக்கு "மதகுநிலை" என்று முன்பு ஒருவர் சொன்னது எனக்கும் பிடித்தது. நம் பக்கம் ஷட்டர் என்றாலே வாய்க்கால் மதகுதான் நினைவுக்கு வரும். ஆனால் மதகைத் தூக்கிவிட்டு ஆள் டீ குடிக்கப் போனாலும் தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். திரும்ப வந்து இறக்கினால்தான் நிற்கும். சில கேமராவில் டி என்று இன்னொரு நிலை இருக்கிறதே, ஒருமுறை அமுக்கினால் திறந்து, மறுமுறை அமுக்கினால் மூடுவது, மதகு அதற்குத்தான் சரி. "மதகுத்திறப்பு" என்று அதற்கு வைத்துவிடலாம். ஷட்டரை ஷட்டராகவே விட்டுவிடுவோம்.

அப்புறம், நாலைந்து வாணத்தை ஒரே படத்தில் சேர்க்க, ஷட்டரைத் திறந்தே வைத்து, நடுநடுவே லென்ஸுக்கு முன்னால் கறுப்பு அட்டையைக் காட்டி மறைப்போமே, அந்த அட்டைக்கு எனக்கு இன்னும் பெயர் அகப்படவில்லை. "மறைப்பட்டை" சரியாக வருமா?