அமெரிக்கப் பள்ளியில் கொடி உறுதிமொழி: சொல்ல மறுப்பது நன்றி மறப்பதாகுமா?

கேள்வி

நாங்கள் டெக்சாஸில் வசிக்கிறோம். மகள் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். இங்கே பள்ளிகளில் நாள்தோறும் அமெரிக்கக் கொடிக்கு ஓர் உறுதிமொழியும் மாநிலக் கொடிக்கு இன்னோர் உறுதிமொழியும் சொல்லி, பிறகு ஒரு நிமிடம் மௌனம் காக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். அடிமை முறையைப் பற்றியும், இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய அமெரிக்கர்கள் முகாம்களில் அடைக்கப்பட்டதைப் பற்றியும் படித்ததிலிருந்து, ‘அனைவருக்கும் சுதந்திரமும் நீதியும்’ என்று முடியும் அந்த வரியை மனமறிந்து சொல்ல முடியவில்லை என்கிறாள். வீட்டுப் பெரியவர்களோ, உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும், பிழைக்க வந்த நாட்டின் பெருமையைக் கேள்வி கேட்பது நமக்கு அழகல்ல என்கிறார்கள். குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு இப்படி மறுக்கும் உரிமை உண்டா? இருந்தாலும் அதைப் பயன்படுத்துவது முறையா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1

உரிமை உண்டு, அதை வாங்கித் தந்தவர்களும் பள்ளிப் பிள்ளைகள்தாம். 1935-இல் பென்சில்வேனியாவின் மைனர்ஸ்வில் என்ற சிற்றூரில், யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த ஓர் அக்காளும் தம்பியும் கொடியை வணங்குவது தங்கள் சமய நம்பிக்கைக்கு முரணானது என்று மறுத்ததற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1940-இல் எட்டு நீதிபதிகள் பள்ளியின் பக்கமும், ஹார்லன் ஸ்டோன் ஒருவர் மட்டும் பிள்ளைகளின் பக்கமும் நின்றார்கள். அந்தத் தீர்ப்புக்குப் பின் நாட்டின் பல ஊர்களில் அப்பிரிவினர் தாக்கப்பட்டார்கள். மெய்ன் மாநிலத்தின் கென்னபங்கில் அவர்களது வழிபாட்டு மன்றமே கொளுத்தப்பட்டது. தேசப்பற்றின் பெயரால் அண்டை வீட்டாரே இதைச் செய்தார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

மூன்றே ஆண்டுகளில், போர் உச்சத்தில் இருந்த 1943-இல், மேற்கு வர்ஜீனியாவிலிருந்து வந்த பார்னெட் வழக்கில் அதே நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தன் பழைய தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. அரசியலிலோ நாட்டுப்பற்றிலோ சமயத்திலோ எது சரியான கருத்து என்று விதிக்கவும், அதைக் குடிமக்கள் வாயால் ஒப்புக்கொள்ளும்படி வற்புறுத்தவும் எந்த அதிகாரிக்கும் உரிமை இல்லை என்று நீதிபதி ராபர்ட் ஜாக்சன் எழுதினார். தீர்ப்பு வெளியான நாள் ஜூன் 14. அமெரிக்கர்கள் கொடி நாளாகக் கொண்டாடும் நாள் அது. இந்தப் பாதுகாப்பு குடியுரிமை பெற்றவர்களுக்கு மட்டும் உரியது அன்று.

அந்த உறுதிமொழியும் நாடு பிறந்தபோதே உடன்பிறந்தது அன்று என்பதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள். பிரான்சிஸ் பெல்லமி அதை எழுதியது 1892-இல். ‘கடவுளின் கீழ்’ என்ற சொற்கள் சேர்ந்தது, கம்யூனிச எதிர்ப்பு மேலோங்கியிருந்த 1954-இல்.

மறுமொழி 2

சட்டம் தெளிவாகிவிட்டது. நான் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் வாதத்துக்கு வருகிறேன், ஏனெனில் நம்மில் பலரை வாய்மூட வைப்பது சட்டமன்று, அந்த நன்றியுணர்வுதான். நன்றி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் யாருக்கு நன்றி என்று கேட்க வேண்டும். பகத் சிங் திந்த் என்ற சீக்கியர் முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் சேர்ந்தவர். அவர் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று 1923-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து, ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் சிலரும் அதை இழந்தார்கள். இந்தியர்கள் குடியுரிமை பெற 1946-இல்தான் சட்டம் வழிவிட்டது. நம்மைப் போன்றோர் பெருமளவில் வந்து சேரக் கதவு திறந்தது 1965-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தால். அது கறுப்பின மக்கள் தெருவில் அடிபட்டு, சிறை சென்று நடத்திய சம உரிமைப் போராட்டக் காலத்தின் விளைவு. நாம் உண்ணும் உப்பில் அவர்களுக்குப் பங்கு உண்டு. அவர்களோ இந்த நாட்டின் பெருமையைக் கேள்வி கேட்டே அதைத் திருத்தியவர்கள். அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த பிரெடரிக் டக்ளஸ், 1852 ஜூலை 5 அன்று ராச்செஸ்டர் நகரில், உங்கள் சுதந்திர நாள் ஓர் அடிமைக்கு என்ன பொருள் தரும் என்று கூட்டத்தினரின் முகத்துக்கு நேரே கேட்டார். அதே உரையில் அரசியல் சட்டத்தைச் சுதந்திரத்தின் ஆவணமாகப் போற்றவும் செய்தார்.

மறுமொழி 3

மேலே சொன்னவற்றோடு எனக்கு முரண்பாடில்லை. ஆயினும் எழுந்து நிற்பவர்களை ஆட்டுமந்தையாக எண்ணிவிட வேண்டாம். முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கக் குடும்பங்களிலிருந்தே இளைஞர்கள் முன்வந்து 442-ஆவது படைப்பிரிவில் சேர்ந்து இத்தாலியிலும் பிரான்சிலும் உயிர் கொடுத்தார்கள். அந்தக் கொடியை நெஞ்சார வணங்க அவர்களுக்கு இருந்த காரணம் போலியானதன்று.

போலியானது வேறிடத்தில் இருக்கிறது. விளையாட்டு அரங்குகளில் ராணுவ வீரர்களைப் போற்றும் நிகழ்ச்சிகளையும் உள்ளடக்கிய ஒப்பந்தங்களுக்குப் பாதுகாப்புத் துறை 68 லட்சம் டாலர் செலவிட்டிருந்ததை, 2015-இல் ஜான் மெக்கெய்ன், ஜெஃப் ஃபிளேக் என்ற இரு செனட்டர்களின் அறிக்கை அம்பலப்படுத்தியது. மறு ஆண்டே, காவல்துறையின் இனப்பாகுபாட்டைக் கண்டித்துக் காலின் கேப்பர்நிக் என்ற அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர் தேசிய கீதத்தின்போது மண்டியிட்டார். உட்கார்ந்திருப்பதைவிட மண்டியிடுவதே மரியாதை என்று அவருக்கு யோசனை சொன்னவர் ஒரு முன்னாள் ராணுவ வீரர். ஆனாலும் அந்தப் பருவத்துக்குப் பின் அவரை எந்த அணியும் சேர்த்துக்கொள்ளவில்லை. சட்டம் தண்டிக்காததைச் சமூகம் தண்டிக்கும் என்பதைப் பெற்றோர் மகளிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. அவள் அமைதியாக உட்கார்ந்திருக்கவே விரும்புகிறாள். பள்ளியில் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டுமா?

மறுமொழி 1

ஆம். டெக்சாஸ் சட்டப்படி, பெற்றோரோ காப்பாளரோ எழுத்துமூலம் கேட்டுக்கொண்டால் பள்ளி விலக்களிக்க வேண்டும். காரணம் எழுத வேண்டியதில்லை. இரண்டு உறுதிமொழிகளையும் கடிதத்தில் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள், நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிட மௌனத்துக்கு இந்த விலக்கு பொருந்தாது. அப்போது மற்றவர்களுக்கு இடையூறு இல்லாமல் இருந்தால் போதும்.