கற்பனை மொழிக்கு 500 வயது கூட்டுவது எப்படி?

ஆலைச்சங்கு:

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். மொழியியல் படித்தவன் இல்லை, அதனால் கேள்வி கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்ன வயதில் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடு) இருந்தபோது நானும் தங்கச்சியும் ஒரு ரகசிய மொழி வைத்திருந்தோம். மண்டோர் (கங்காணி) வீட்டுப் பையன்களுக்குப் புரியக்கூடாது, அதுதான் அதன் முழு இலக்கணம். அப்புறம் ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்தது, லயமும் போனது, நாங்கள் டவுனுக்கு வந்துவிட்டோம். போன மாதம் தங்கச்சி மகன் (படிவம் 2) அந்தப் பழைய நோட்டைத் தோண்டி எடுத்துவிட்டான். "மாமா, இதை ஒரு தீவில் பேசுகிற மொழியாக ஆக்கலாம்" என்றான். சரி என்று ஆரம்பித்தது இப்போது முந்நூறு சொல் வரைக்கும் வந்திருக்கிறது.

சில சொற்கள்: பனிகா என்றால் ஆறு, கிதோ தீ, கெலு பறவை, மினாகி மீன். பன்மைக்குக் கடைசியில் ன் சேர்ப்போம், மீன்கள் மினாகின்.

கதைப்படி 500 வருடத்துக்கு முன்னால் எல்லாரும் ஒரே ஊர். வெள்ளம் வந்து பாதிப் பேர் மலைக்கு ஏறிவிட்டார்கள். இப்போது ஆற்றங்கரைக்காரர்களும் மலைக்காரர்களும் ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்குப் புரியாமல், ஆனால் சொந்தக்காரர் வாடை மட்டும் அடிக்கிற மாதிரி இருக்க வேண்டும், நாம் மலையாளம் கேட்கிற மாதிரி.

நான் முதலில் மலைக்காரர்களுக்கு எல்லா ப-வையும் ம ஆக்கி, எல்லா க-வையும் த ஆக்கினேன். பனிகா "மனிதா" ஆகிவிட்டது. ஆற்றைப் பார்த்து மனிதா என்று கூப்பிடுகிறார்களா என்று பையன் அரை நாள் சிரித்தான், "இது மொழி இல்லை மாமா, கோட் வேர்ட்" என்றும் சொல்லிவிட்டான். அதனால் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகக் கைக்கு வந்தபடி மாற்றிப் பார்த்தேன், அதில் சொந்தமே தெரியவில்லை. நிஜ மொழிகளில் ஒலி எப்படித்தான் மாறுகிறது?

கரும்பலகை:

தம்பி, உங்கள் மருமகன் சொன்னது சரி. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மாற்றினால் அது எழுத்துக்கு வேறு சட்டை போட்டதுதான். நிஜத்தில் ஓர் ஒலி தன் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்து மாறும்.

நம் மொழியையே எடுத்துக்கொள்ளுங்கள். கன்னடத்தில் காது "கிவி", நமக்குச் செவி. அங்கே சிவப்பு "கெம்பு", நமக்குச் செம்மை. அங்கே "கிரிய", இங்கே சிறிய. இ, எ போன்ற உயிருக்கு முன்னால் வந்த பழைய க தமிழில் ச ஆகிவிட்டது, கன்னடம் பழைய க-வை வைத்துக்கொண்டது. சங்கப் பாட்டிலேயே செவி என்றுதான் இருக்கிறது, அவ்வளவு பழைய மாற்றம். ஆனால் கா, கோ, கு எல்லாம் அப்படியே நிற்கின்றன, யாரும் காலைச் "சால்" என்பதில்லை.

இன்னும் அழகு ஒன்று இருக்கிறது. அப்படியானால் கிளி ஏன் "சிளி" ஆகவில்லை? கேள், கீழ், கெடு, கிழவன், கிட, இவையெல்லாம் ஏன் தப்பித்தன? அந்த உயிருக்கு அடுத்து வருவதைப் பாருங்கள்: ள, ழ, ட. நாக்கை மடித்துச் சொல்கிற ஒலி. அது அடுத்து நின்றால் க மாறவில்லை. இந்தச் சொற்களை வாழ்நாள் முழுக்கச் சொல்லியிருக்கிறேன், பள்ளியிலும் நடத்தியிருக்கிறேன், ஆனால் ஓய்வு பெற்ற பிறகு ஒரு புத்தகத்தில் படிக்கும் வரை இது கண்ணில் படவே இல்லை. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை என்றால் நம்புவீர்களா?

கன்னடம் மட்டும் சும்மா இருந்ததா என்றால் இல்லை. நம் பால் அங்கே ஹாலு, பத்து ஹத்து, பல் ஹல்லு, புலி ஹுலி, பன்றி ஹந்தி. பழங்கன்னடத்தில் இவை ப-வோடுதான் இருந்தன. ஆனால் இரட்டித்த ப்ப தப்பித்துவிட்டது, உப்பு இன்றும் அங்கே உப்புதான்.

ஆகவே உங்கள் மலைக்காரர்களுக்கு "க எல்லாம் த" வேண்டாம். "இ, எ-க்கு முன்னால் வந்தால் மட்டும் க ச ஆகும்" என்று வையுங்கள். கிதோ சிதோ ஆகும், கெலு செலு ஆகும், பனிகா பனிகாவாகவே இருக்கும். மனிதாவும் பிழைத்துக்கொள்வார்.

இரவுநேர இலக்கணம்:

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் என்னுடைய கற்பனை மொழி மூன்று வருடம் சப்பென்று இருந்ததற்குக் காரணம் இது தெரியாததுதான். வரிசை. எந்த மாற்றம் முதலில் நடந்தது, எது அப்புறம் நடந்தது என்பது.

புத்தகத் தமிழில் "உடைத்து". வாய்த் தமிழில் "ஒடச்சு". இதற்குள் மூன்று மாற்றம் இருக்கிறது. முதலில், ஐக்குப் பின்னால் வந்த த்த ச்ச ஆனது, உடைச்சு. அடுத்து ஐ தேய்ந்து அ ஆனது, உடச்சு. அதற்கப்புறம், அடுத்த அசையில் அ இருப்பதால் முன்னால் இருந்த உ ஒ ஆனது, ஒடச்சு. இப்போது முதல் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். ஐ முதலிலேயே தேய்ந்திருந்தால் த்த ச்ச ஆவதற்குக் காரணமே இல்லாமல் போயிருக்கும், நாம் "ஒடத்து" என்று பேசிக்கொண்டிருப்போம். "கடை நடத்து" என்பதில் ஐ இல்லை, அதனால்தான் அது நடச்சு ஆகவில்லை. அதாவது ஐ ஒரு வேலையைச் செய்துவிட்டுத்தான் காணாமல் போயிருக்கிறது, கைரேகை மட்டும் மிச்சம்.

அந்தக் கடைசி மாற்றத்துக்குத் தோட்டத்துச் சொல்லே சாட்சி: துரையை யாரும் துரை என்று கூப்பிட்டதில்லை, தொர. இலை எல, விலை வெல, குடை கொட, நிலம் நெலம். ஆனால் அடுத்த அசையில் அ, ஐ இல்லாத கிளியும் புலியும் குருவியும் அப்படியே.

இப்போது உங்கள் தீவு. இரண்டே இரண்டு விதி போதும். ஒன்று, ஐயா சொன்ன க→ச. இரண்டு, மூன்று அசைச் சொல்லில் கடைசி உயிர் விழுந்துவிடும்.

ஆற்றங்கரையில் முதலில் க→ச நடக்கட்டும்: மினாகி, மினாசி ஆகிறது. அப்புறம் கடைசி உயிர் விழுகிறது: மினாச். பன்மையில் கடைசியில் ன் இருப்பதால் உயிர் விழாது: மினாசின்.

மலையில் உயிர் முதலில் விழட்டும்: மினாகி, மினாக். இ போய்விட்டதால் க-வை மாற்ற ஆள் இல்லை, க அப்படியே நிற்கும். ஆனால் பன்மையான மினாகினில் இ உயிரோடு இருக்கிறது, அதனால் மினாசின். ஆக மலைக்காரர்களுக்கு ஒரு மீன் "மினாக்", பல மீன் "மினாசின்". அங்கே பிறக்கிற பிள்ளைக்கு இது காரணம் தெரியாத முரட்டு இலக்கணம், பள்ளிக்கூடம் இருந்தால் மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். நீங்கள் ஒரு விதிவிலக்கைக்கூடக் கையால் செய்யவில்லை, இரண்டு விதியை வேறு வரிசையில் ஓட்டியதோடு சரி.

'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் தன் கதையில் வரும் எல்ஃப்களின் மொழிகளுக்குச் செய்ததும் அடிப்படையில் இதுதான். பழைய வேர்களை வைத்துக்கொண்டு இரண்டு கிளைக்கு வேறு வேறு மாற்றம் கொடுத்தார். அன்னப்பறவை ஒரு மொழியில் அல்க்வா, இன்னொன்றில் அல்ஃப். க்வ ஒலி ப பக்கம் சாய்வது அவர் சும்மா கற்பனை செய்ததும் இல்லை, அவருக்குப் பிடித்த வெல்ஷ் மொழியிலேயே நடந்தது: மகன் என்பதற்கு ஐரிஷில் மாக், வெல்ஷில் மாப்.

ஒரு எச்சரிக்கை. தமிழ் எழுத்தில் குறித்து வைக்காதீர்கள், அல்லது கூடுதல் புள்ளி ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள். பல்லில் வருகிற ப-வும் அன்பில் வருகிற ப-வும் நமக்கு ஒரே எழுத்து, அதனால் பாதி மாற்றம் நோட்டில் தெரியாமலே ஒளிந்துகொள்ளும்.

தே தாரிக்:

எல்லாரும் சட்டம் சட்டம் என்கிறீர்கள், பேசுகிற மனிதர்களை யாரும் காணோமே. கரும்பலகை ஐயா, கீரையில் ள-வும் இல்லை, ழ-வும் இல்லை, ட-வும் இல்லை. அது ஏன் "சீரை" ஆகவில்லை? கோபித்துக்கொள்ளாதீர்கள், சும்மாதான் கேட்கிறேன். மிச்சம் மீதி இல்லாத மொழி எங்கேயும் இல்லை.

அண்ணே, உங்கள் தீவில் யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லையா? நம் ஊர்ச் சந்தையைப் பாருங்கள். மலாய்க்காரர்கள் நம்மிடமிருந்து வாங்கிய சொற்கள் கெடாய் (கடை), காப்பால் (கப்பல்), காத்தில் (கட்டில்), பெத்தி (பெட்டி), பாகாய் (வகை). மலாயில் மெய் இரட்டிப்பது இல்லை. அதனால் நாம் இரட்டித்துச் சொல்வது அங்கே ஒற்றையாக, ஆனால் வன்மை குறையாமல் நிற்கிறது. நாம் ஒற்றையாகச் சொல்வது மெலிந்த ஒலியாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது. கட்டிலில் வன்மையான ஒலி, கடையில் மெலிந்த ஒலி, இரண்டும் குழம்பவே இல்லை. வாங்கியவர்கள் இதைத் திட்டம் போட்டா செய்தார்கள்? காதில் விழுந்ததைத் தங்கள் வாய்க்கு ஏற்ற மாதிரி சொன்னார்கள், அவ்வளவுதான். நாம் ஆங்கிலப் பரேடைப் பெரட்டு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பது) ஆக்கி, லைன்ஸை லயம் ஆக்கியதும் அப்படித்தான். என் பாட்டிக்குப் பெரட்டு ஆங்கிலம் என்று கடைசி வரை தெரியாது.

கடன் எப்போது வந்தது என்பதும் முக்கியம். கன்னடத்தில் ப→ஹ என்று ஐயா சொன்னார் இல்லையா, சமஸ்கிருதத்து புஸ்தகம் அங்கே இரண்டு உருவத்தில் இருக்கிறது. முன்னாடியே வந்தது ஹொத்தகெ ஆகிவிட்டது. புஸ்தக என்பதும் இருக்கிறது, அதன் ப-வுக்கு ஒன்றும் ஆகவில்லை. மழை நின்ற பிறகு வெளியே வந்தவன் நனையமாட்டான். உங்கள் ஆற்றங்கரையிலும் க→ச முடிந்த பிறகு வந்த நாலு சொல்லைக் கி, கெ என்றே விட்டுவையுங்கள்.

அப்புறம் எஸ்பெராந்தோ. ஸாமென்ஹோஃப் 1887இல் வார்சாவில் வெளியிட்டது, செயற்கை மொழிதான், ஆனால் பிறந்ததிலிருந்தே அதைப் பேசுகிறவர்களும் உண்டு. அதில் தொண்டையில் உரசுகிற ஹ மாதிரி ஓர் ஒலியை அவர் வைத்தார். நிறையப் பேருக்கு அது சிரமம், மெல்ல மெல்லப் பல சொற்களில் க ஆகிவிட்டது. வேதியியல் ஹெமியோவாக இருந்தது, இப்போது கெமியோ. ஆனால் சட்டம் மாதிரி ஒரேயடியாக நடக்கவில்லை, சொல் சொல்லாக நடந்தது. எதிரொலிக்கான எஹோ மட்டும் பிடிவாதமாக நிற்கிறது, ஏனென்றால் எகோ என்றால் ஏற்கெனவே "தொடக்கம்". செக் நாட்டுக்காரரும் அப்படியே, க போட்டால் காசோலை ஆகிவிடுவார்! நீங்கள் சொன்ன மனிதா பிரச்சினை உங்களுக்கு மட்டும் வந்ததில்லை.

இரவுநேர இலக்கணம்:

எஸ்பெராந்தோ உதாரணம் நல்லது, ஆனால் பொதுவிதி ஆக்காதீர்கள். மோதல் வந்தால் மொழி எப்போதும் ஒதுங்கிப் போவதில்லை. எங்கள் வீட்டில் ழ-வும் ள-வும் ஒன்றாகி வருடக்கணக்காகிறது, "வாளி" எடுத்துவா என்றாலும் "வாழி" என்று வாழ்த்தினாலும் ஒரே ஒலிதான், யாரும் குழம்பியதில்லை. கீரை விஷயத்தில் நான் உங்கள் கட்சி. மிச்சம் வைப்பதும் அழகுதான். ஆனால் முதலில் விதியை முழுக்க ஓட்டிவிட்டு அப்புறம் மிச்சம் வையுங்கள். மிச்சத்திலிருந்து தொடங்கினால் ஆலைச்சங்கின் இரண்டாவது முயற்சி மாதிரி ஆகிவிடும்.

கரும்பலகை:

கீரைக்கு என்னிடம் பதில் இல்லை, தே தாரிக். இன்று மதியம் முருங்கைக்கீரைதான், யோசித்துக்கொண்டே சாப்பிடுகிறேன். முருங்கை மலாயில் மெருங்காய் ஆனதையும் உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆலைச்சங்கு:

எல்லாருக்கும் நன்றி, ஐயாவுக்குத் தனியாக. நேற்று நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் பையனோடு உட்கார்ந்து முந்நூறு சொல்லையும் இரண்டு வரிசையிலும் ஓட்டினோம். பத்துக்கு ஒன்பது சொல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் வந்தது. முதலில் ஏமாற்றமாக இருந்தது, அப்புறம் பார்த்தால் அந்தச் சொந்தக்கார வாடை வருவதே அதனால்தான். வித்தியாசமாக வந்த இருபது முப்பது சொல்லும் எங்கே வித்தியாசப்படுகிறது என்று கேட்டவுடனே பிடிபடுகிறது. இப்படியே இன்னும் நாலைந்து விதி சேர்த்தால் பேச்சே புரியாமல் போய்விடும் போலிருக்கிறது. மலைக்காரர்களின் மினாக்–மினாசினைப் பையன் விட்டுத் தரவே மாட்டேன் என்கிறான், "இதுதான் மாமா நிஜ மொழி மாதிரி எரிச்சலாக இருக்கிறது" என்கிறான்.

தே தாரிக் சொன்ன கடனுக்கு ஆற்றங்கரையில் ஒரு வியாபாரக் கூட்டத்தை இறக்கியிருக்கிறோம். அவர்கள் கொண்டுவந்த உப்புக்குப் பெயர் கெமு. அது செமு ஆகாது.

ஒரு விஷயம்தான் மாட்டிக்கொண்டது. ஒடச்சு கதையை அவனுக்குச் சொன்னேன், அடித்து அடிச்சு, படித்து படிச்சு என்று அவனே அடுக்கினான், இக்குப் பின்னாலும் இதேதான் என்று கண்டுபிடித்தான். உடனே அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "அப்படின்னா சித்தி ஏன் மாமா சிச்சி ஆகலை?" என்றான். அங்கே நின்றிருந்தது அவனுடைய சித்தி, அதாவது என் சின்னத் தங்கச்சி. கரண்டியோடு வந்துவிட்டாள். நான் ஆலைக்குக் கிளம்புகிறேன், யாருக்காவது பதில் தெரிந்தால் ராத்திரிக்குள் போட்டு வையுங்கள்.