புதுப்பிப்பு: படியூர்க் கல்லின் நீலம்

காங்கேயம் அருகே படியூரில் கிடைக்கும் அக்வாமரின் என்ற நீலக் கல்லுக்கு நிறம் தருவது எஃப் மையம் என்ற படிகக் குறைபாடு என்று போன வாரம் எழுதியிருந்தேன். தவறு, மன்னிக்கவும்.

கல் பட்டை தீட்டும் பெரியவர் ஒருவர், "சுட்டா நீலம் தெளியுமுங்க" என்றார். அப்போதுதான் உறைத்தது. படிகத்தில் எதிரயனி (எதிர்மின்சுமையுள்ள அயனி) இல்லாத காலியிடத்தில் எலக்ட்ரான் சிக்குவதுதான் எஃப் மையம். சோடியம் ஆவியில் சூடாக்கிய உப்பு மஞ்சளாவது அதனால். படியூர்க் கல் பெரில் என்ற, அலுமினியம் உள்ள கனிம வகை. இங்கே நிறம் இரும்பு மாசால் வருகிறது.

அலுமினியம் 3+ அயனியின் ஆரம் சுமார் 54 பிக்கோமீட்டர், இரும்பு 3+ சுமார் 65. மின்சுமை இரண்டுக்கும் சமம், அளவும் ஓரளவு கிட்டத்தில். அதனால் அலுமினியத்தின் இடத்தில் இரும்பு உட்கார்ந்து மஞ்சள் சாயல் தருகிறது. இரும்பு 2+ தருவது நீலம். சுமார் 400 டிகிரியில் சுட்டால் இரும்பு 3+ ஓர் எலக்ட்ரானைப் பெற்று (ஒடுக்கம்) 2+ ஆகிறது, மஞ்சள் விலகுகிறது. ஒரே ஓர் எலக்ட்ரான் வித்தியாசம்! எத்தனை அழகு!

பிளஸ் டூ பிள்ளைகள் பழைய பதிவைக் குறிப்பெடுத்திருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.