புதுப்பிப்பு: காரைக்குடியில் பயிற்சி, மனசெல்லாம் பினாங்கு

பழைய வீடுகளை அளந்து வரையும் பயிற்சிக்குப் பினாங்கிலிருந்து காரைக்குடி வந்தேன், சனி ஞாயிறு வந்தாலே வீட்டு நினைப்பு வாட்டுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. இப்போது பரவாயில்லை.

அதிகம் உதவியது, "அறையில் உட்காராதே, பஸ் ஏறு" என்ற யோசனைதான். திருமயம் கோட்டை உச்சியில் அடிக்கும் காற்றே பாதி மருந்து. வெயிலுக்கு முன்னால் ஏறிவிடுங்கள். ஆத்தங்குடியில் கண்ணாடிமேல் வண்ணக் கலவை ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துத் தரைக்கல் செய்கிறார்கள். அதைப் படிப்படியாக வரையும் வேலையை அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொண்டேன். வேலை நாட்களும் ஓடிவிடுகின்றன.

தொலைபேசி விஷயம்: மலேசிய நேரம் இங்கிருந்து இரண்டரை மணி முன்னால். இரவில் கூப்பிட்டால் அம்மா தூக்கக் கலக்கத்தில் இருப்பார். காலை 6 மணிக்கு மாற்றச் சொன்ன அக்காவுக்குத் தனி நன்றி.

எதிர்பாராதது கவுனி அரிசி, அதாவது இந்தப் பக்கத்துக் கறுப்பரிசி இனிப்பு. அப்படியே எங்கள் ஊரில் தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிடும் கறுப்பரிசிக் கஞ்சி, புலுட் ஹீத்தாம்! முதல் வாய்க்கே அழுகை வந்துவிட்டது. அப்புறம் மெஸ் ஆச்சியிடம் சொல்லி, நெய்க்குப் பதில் தேங்காய்ப்பால் ஊற்றி வாங்கிச் சாப்பிடுகிறேன். "இதென்ன கூத்து ஆத்தா" என்கிறார், ஆனாலும் செய்து தருகிறார்.