உதவி தேவை: 'மேனுமிட்' என்ற ஆங்கில வினைக்குத் தமிழில் என்ன எழுதுவது?

மன்னார்குடி மாணவி:
வணக்கம். நாளை காலை ஒப்படைக்க வேண்டிய மொழிபெயர்ப்பில் 'மேனுமிட்' என்ற சொல் வருகிறது. 'விடுதலை செய்தார்' என்று எழுதினேன். ஆசிரியர் அதை அடித்துவிட்டு, பொருள் குறைகிறது என்று குறித்திருக்கிறார். வேறு சொல் உண்டா? அவசரம்.

திருவையாறு வாசகர்:
முழு வாக்கியத்தைத் தாருங்கள். யார் யாரை விடுவிக்கிறார் என்று தெரியாமல் எப்படிச் சொல்வது?

கும்பகோணத்தார்:
லத்தீனில் 'மானுஸ்' என்றால் கை, 'மித்தெரே' என்றால் அனுப்புதல். ஆகவே 'கைவிட்டார்' என்பதே வேர்ப்பொருளோடு ஒட்டிய சொல்.

திருவாரூர் வாசகர்:
ஐயா, கைவிடுதல் என்றால் ஆதரவற்றவராக விட்டுச் செல்லுதல். பொருளே தலைகீழாகிவிடும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
இதை முன்பே இரண்டு முறை இங்கு விளக்கியிருக்கிறேன். கேட்பதற்கு முன் தேடிப் படிக்கும் பழக்கம் வேண்டும். மேட்டூரில் தண்ணீர் திறப்பதற்கும், உடன்பிறந்தாருக்குப் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்துக்கும் 'ரிலீஸ்' போதும். 1863 ஜனவரி 1 அன்று லிங்கன் வெளியிட்ட பிரகடனத்துக்கு 'இமான்சிபேட்' என்பார்கள், ஏனெனில் அங்கே விடுவித்தது அரசு. 'மேனுமிட்' என்றால் விடுவிப்பவர் அடிமையின் உடைமையாளராகவே இருப்பார். சிறைக்கைதிக்கு அது பொருந்தாது.

நாகை வாசகர்:
அப்படியானால் மிராசுதார் கடனைத் தள்ளி அனுப்பிவைத்த பண்ணையாளுக்கு இச்சொல் பொருந்துமே? என் பாட்டனார் பண்ணையாளாக இருந்தவர். அடிமையைப் போலத்தான் நடத்தப்பட்டார்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
பொருந்தாது. பண்ணையாள் என்பவர் கடனால் கட்டுண்டவர். விலைக்கு வாங்கப்பட்டவர் அல்லர்.

நாகை வாசகர்:
பட்டவர்களுக்கு அந்த வேறுபாடு எவ்வளவு தெரிந்திருக்கும்?

திருவாரூர் வாசகர்:
உங்கள் வேதனை நியாயமானது. ஆயினும் 1843-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டத்துக்குப் பிறகு, மனிதரைச் சொத்தாகக் கொள்ளும் உரிமையை இங்கே எந்த நீதிமன்றமும் ஏற்கவில்லை. மிராசுதார் 'மேனுமிட்' செய்தார் என்று எழுதினால், அவருக்கு இல்லாத உரிமையை நாமே எழுதிக்கொடுத்தவர்கள் ஆவோம். சுந்தரர் கதையில் வரும் ஆளோலையைப் போன்ற ஓர் அடிமை ஓலை சட்டப்படி செல்லுபடியாகும் காலத்தில், அதை வைத்திருப்பவர் தாமாகவே முன்வந்து ஆளை விடுவிப்பதற்குத்தான் இச்சொல் உரியது.

திருவையாறு வாசகர்:
வாக்கியம் இன்னும் வரவில்லையே, அம்மா?

மன்னார்குடி மாணவி:
மன்னிக்கவும், எழுத மறந்துவிட்டேன். உரோமாபுரி வணிகர் ஒருவர் உயில் எழுதுகிறார். 'தம் அடிமையாக இருந்த எழுத்தரை உயிலின் வழியே அடிமை நீக்கி விடுவித்தார்' என்று எழுதிவிட்டேன். நன்றி.