பட லிங்க் தேடப் போய் தம்பி லேப்டாப்பில் ஏதோ ஏறிவிட்டது, உடனே என்ன செய்யணும்?

மழைத்துளி:
நேற்று இரவு என் தம்பி ஒரு புதுப் படத்துக்கு லிங்க் தேடியிருக்கிறான். ஒரு தளம், அங்கிருந்து 'பத்து வினாடி காத்திருக்கவும்', அங்கிருந்து வேறொரு பக்கம் என்று ஏழெட்டு டேப் திறந்து, கடைசியில் 'நீங்கள் ரோபோ இல்லை என்று காட்டுங்கள்' என்று வந்த பக்கம் சொன்னபடியே விண்டோஸ் பட்டனையும் ஆர் பட்டனையும் சேர்த்து அழுத்தி, கண்ட்ரோல் வி போட்டு, என்டரும் தட்டிவிட்டான். ஒரு கறுப்புப் பெட்டி சட்டென்று வந்து மறைந்ததாம். படம் வரவே இல்லை. காலையிலிருந்து திரையின் மூலையில் 'உங்கள் கணினியில் வைரஸ்' என்று அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறது. ஆன்டிவைரஸ் ஓட்டினேன், ஒன்றும் இல்லை என்கிறது. அப்பாவின் வங்கிக் கணக்கு, என் மெயில் எல்லாம் அதே பிரவுசரில்தான். அவன் பயந்துபோய் இருக்கிறான், திட்ட மனசு வரவில்லை. அறிவிப்பை மட்டும் நிறுத்தினால் போதுமா?

கடலோடி:
போதாது. முதலில் அந்த லேப்டாப்பின் நெட்டைத் துண்டியுங்கள், மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

மூலையில் வரும் அறிவிப்பு சின்ன விஷயம். வழியில் ஏதோ ஒரு பக்கத்தில் 'அனுமதி' என்று அழுத்தியிருப்பான், பிரவுசர் செட்டிங்கில் அந்தத் தளத்தை நீக்கினால் நின்றுவிடும். பயப்பட வேண்டியது அந்தக் கறுப்புப் பெட்டிக்குத்தான். அந்தப் பக்கத்தில் அவன் க்ளிக் செய்தபோதே ஒரு கட்டளை சத்தமில்லாமல் காப்பி ஆகியிருக்கும். கண்ட்ரோல் வி போட்டு என்டர் தட்டியதும் அதை அவன் கையாலேயே ஓட்ட வைத்துவிட்டார்கள். இப்படி வருபவை பெரும்பாலும் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டையும் லாகின் குக்கிகளையும் (நீங்கள் உள்ளே நுழைந்திருப்பதைத் தளம் நினைவில் வைக்கும் அடையாளச் சீட்டுகள்) அள்ளி அனுப்பிவிட்டு, சில சமயம் தன்னைத்தானே அழித்துக்கொண்டும் போய்விடும், அதனால் ஆன்டிவைரஸ் 'ஒன்றும் இல்லை' என்பதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். குக்கி கையில் இருந்தால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம், நீங்கள் ஏற்கெனவே திறந்து வைத்த கணக்குக்குள் நேராக நுழைந்துவிடலாம்.

வேறு ஒரு போனிலிருந்து முதலில் மெயில் பாஸ்வேர்டை மாற்றி, 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' கொடுங்கள். அடுத்தது வங்கி: பாஸ்வேர்டை மாற்றிவிட்டு அவர்களுக்கு போன் செய்தும் சொல்லிவிடுங்கள். லேப்டாப்பில் விண்டோஸைச் சுத்தமாக அழித்துப் புதிதாகப் போடுவதுதான் நிம்மதி.

அரசமரம்:
கொஞ்சம் அதிகமாகப் பயமுறுத்துகிறீர்களோ? நான் பல வருடமாக இப்படித்தான் பார்க்கிறேன். எம்கேவி வீடியோ ஃபைல் என் கணினியை ஒன்றும் செய்ததில்லை.

கடலோடி:
நண்பரே, உண்மையான வீடியோ ஃபைல் பெரும்பாலும் ஒன்றும் செய்யாதுதான். ஆனால் அந்தத் தம்பி கைக்கு வீடியோவே வரவில்லையே. ஆபத்து, ஃபைலைத் தேடிப் போகிற வழியில் இருக்கிறது. 2024 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் கண்டுபிடித்து 2025 மார்ச்சில் வெளியிட்ட ஒரு விவகாரத்தில், திருட்டு ஸ்ட்ரீமிங் தளங்களின் வீடியோ பெட்டிக்குள்ளேயே விளம்பரத் திசைதிருப்பி இருந்தது, அது பல பக்கம் சுற்றவிட்டு கிட்ஹப் என்ற மென்பொருள் பகிரும் தளத்தில் வைத்திருந்த மால்வேரில் (தீங்கு செய்யும் நிரல்) கொண்டுபோய் விட்டது. உலகம் முழுக்க ஏறக்குறைய 10 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டன.

ஃபைலையும் கண்ணை மூடி நம்பாதீர்கள். விண்டோஸ் வழக்கமாக ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகளை மறைத்துவிடும், அதனால் வீடியோ ஐகான் போட்ட, திறந்தால் கட்டளையை ஓட்டும் ஷார்ட்கட் ஃபைலும் படம் மாதிரியே தெரியும். 2017-ல் சப்டைட்டில் ஃபைல் வழியாகவே கணினியைப் பிடிக்கலாம் என்று செக் பாயிண்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் காட்டியது, விஎல்சி, கோடி என்ற வீடியோ பிளேயர்கள் இரண்டிலும் அந்த ஓட்டை இருந்து பிறகு அடைத்தார்கள்.

தென்றல்:
போனிலும் இதே கதைதான். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். டெலிகிராமில் வந்த லிங்க், படம் பார்க்க 'பிளேயர்' என்று ஒரு ஏபிகே (ஆண்ட்ராய்டு ஆப்பை நேரடியாகப் போடும் ஃபைல்). போட்டதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டது, அப்புறம் அணுகல்தன்மை சேவையை ஆன் செய்யச் சொன்னது. அவசரத்தில் இரண்டையும் கொடுத்துவிட்டேன். அந்தச் சேவை ஆன் ஆனால் அந்த ஆப் நம் திரையைப் படிக்கும், நமக்காகப் பட்டனும் அழுத்தும். அன்று இரவே ஓடிபி மேல் ஓடிபி வந்தது. சிம்மைக் கழற்றிவிட்டு வங்கிக்குப் பேசியதால் பணம் தப்பியது, ஆனால் அந்த ஒரு மணி நேரம் இன்னும் மறக்கவில்லை. வீடியோ ஓட்ட எந்த ஆப்புக்கும் எஸ்எம்எஸ் தேவையில்லை, இதைத் தம்பிக்குச் சொல்லுங்கள்.

மழைத்துளி:
எல்லாருக்கும் நன்றி. மெயிலில் எங்களுக்குத் தெரியாத ஒரு சாதனம் உள்ளே இருந்தது, வெளியேற்றிவிட்டேன். வங்கியிலும் சொல்லியாகிவிட்டது. விண்டோஸை அழிக்கும் முன் குடும்பப் போட்டோக்களை மட்டும் பென்டிரைவில் எடுக்கலாமா?

கடலோடி:
எடுக்கலாம் சகோ. போட்டோவும் டாக்குமென்டும் மட்டும். ஜிப், செட்டப் ஃபைல், நேற்று இறங்கிய எதுவும் வேண்டாம். எடுத்ததை வேறு கணினியில் ஒருமுறை ஸ்கேன் செய்துவிட்டுத் திறங்கள். தம்பியைத் திட்டாமல் விட்டது ரொம்ப நல்லது, மறைக்காமல் நடந்ததைச் சொன்னதால்தான் அந்தச் சாதனத்தை இன்றே வெளியேற்ற முடிந்தது.