புதுப்பிப்பு: கடலூர் அதிர்வு, சுனாமி எச்சரிக்கை விலகியது

நேற்று (11 ஏப்ரல் 2012) மதியம் இரண்டு மணிக்குச் சற்று மேல், மஞ்சக்குப்பத்தில் எங்கள் மூன்றாம் மாடி வீடு ஆடியது என்று எழுதியிருந்தேன். அதன் தொடர்ச்சி இது.

நிலநடுக்கத்தின் மையம் சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில், இங்கிருந்து ஏறத்தாழ 1,800 கி.மீ. அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் அதன் அளவை முதலில் 8.9 என்றது. பக்கத்தைப் புதுப்பிக்கப் புதுப்பிக்க எண் இறங்கி, கடைசியில் 8.6-இல் நின்றது. சுமார் இரண்டு மணி நேரம் கழித்து 8.2 அளவில் இன்னொன்று.

கீழ்வீட்டு அக்காவுக்கு ஒன்றுமே தெரியவில்லையாம். "உனக்குத் தலைசுத்தல்டா தம்பி" என்றார். எங்கள் வீட்டிலோ அண்டாத் தண்ணீர் விளிம்பு வரை ஏறி ஏறி இறங்கியது. தூரத்து நிலநடுக்கத்தின் குறுகிய அலைகள் வழியிலேயே அடங்கிவிடும். நீண்ட, மெதுவான அலைகள்தான் இவ்வளவு தொலைவு வரும். அவற்றை மாடிகளில்தான் அதிகம் உணர முடியும். அக்காவிடம் சொன்னேன், நம்பவில்லை.

"இவ்வளவு பெரிசு, ஏன் சுனாமி இல்லை?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். 2004-இல் கடல்தரை மேலே எழும்பித் தண்ணீரைத் தள்ளியது. நேற்று பாறைகள் பெரும்பாலும் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன, தண்ணீரைத் தூக்கவில்லை. எழுந்த அலைகளும் சிறியவை. எச்சரிக்கை மாலையிலேயே விலக்கிக்கொள்ளப்பட்டது.

ஆனால் அதற்கு முன்பே கடற்கரையை விட்டு ஓடியவர்களைக் கிண்டல் செய்து சிலர் பின்னூட்டம் போட்டது பிடிக்கவில்லை. இங்குள்ள கடலோரத் தேவனாம்பட்டினத்துக்காரர் யாரும் எண்ணைப் பார்த்துவிட்டு ஓட மாட்டார்கள். ஓடிவிட்டுத்தான் பார்ப்பார்கள். அதுதான் சரி.

சுவரில் விரிசல் எதுவும் இல்லை, விசாரித்தவர்களுக்கு நன்றி.